"உள்ள என்ன சொன்னான்?"னு கேக்காதீங்க, ப்ளீஸ்

ஸ்கூல்ல கவுன்சிலரா வேலை பாக்குற எல்லாருக்கும் இது நடந்திருக்கும். ஒரு பையன் ரூம விட்டு வெளிய போயி அஞ்சு நிமிஷம் கூட ஆயிருக்காது, கிளாஸ் டீச்சர் வந்து நிப்பாங்க, "என்ன மிஸ், என்ன சொன்னான்?" சாயங்காலம் அவங்கம்மா போன் பண்ணுவாங்க, "உங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னானா மேடம், எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டேங்கிறான்". ரெண்டு பேருமே அக்கறையிலதான் கேக்குறாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிட்டேன்னா அந்தப் பையன் மறுபடி என் கதவ தட்ட மாட்டான், அவன் மட்டுமில்ல, அவன் பெஞ்சுல இருக்குற மத்தவங்களும் தட்ட மாட்டாங்க, ஏன்னா இந்த மாதிரி விஷயம் பசங்களுக்குள்ள ஒரு இன்டர்வெல்லுக்குள்ள பரவிடும்.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பொண்ணு, அப்பா அம்மா பிரியப் போறாங்கன்னு என்கிட்ட சொல்லி அழுதுச்சு. நான் அவ டீச்சர்கிட்ட விவரம் எதுவும் சொல்லல, "வீட்ல கொஞ்சம் பிரச்சினை, பாத்துக்கோங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன். அவங்க நல்ல மனசுக்காரங்க, மறுநாள் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் "வீட்ல எல்லாம் சரியாயிடுச்சாம்மா?"ன்னு கேட்டுட்டாங்க. அன்னிக்கு காரிடார்ல எதிர்ல வந்தப்போ அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை இன்னும் மனசுல இருக்கு. அதுக்கப்புறம் அவ ஸ்கூல முடிச்சிட்டுப் போற வரைக்கும் என் ரூமுக்கு வரவே இல்ல. நான் சொன்னது ஒரே ஒரு வரி, அதையும் அந்தப் பொண்ணைக் கேக்காம சொன்னேன், அதான் தப்பு.

அதுலேர்ந்து யாரு வந்தாலும் முதல் நாளே சொல்லிடுவேன், நீ இங்க பேசுறது இங்கயேதான் இருக்கும், ஆனா மூணு விஷயம் மட்டும் நான் மறைக்க மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னா, உன்னை யாராவது அடிக்கிறாங்க இல்ல தப்பா தொடுறாங்கன்னா. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க மிஸ், அப்பதான் சொல்வேன்"னு ஆரம்பிக்கிற பிள்ளைங்க நிறைய பேர், அந்த ப்ராமிஸ நான் குடுக்க மாட்டேன். குடுத்துட்டு அப்புறம் உடைச்சோம்னா அந்தப் பிள்ளை பெரியவங்க யாரையுமே நம்பாது. சொல்லித்தான் ஆகணும்ங்கிற நிலைமை வந்தா, யார்கிட்ட முதல்ல சொல்லலாம், நீ சொல்றியா நான் சொல்லட்டுமா, நீ பக்கத்துல இருக்கியா வெளிய இருக்கியான்னு அவங்களையே கேப்பேன், பாதுகாப்புக்கு குந்தகம் இல்லாத வரைக்கும் அது அவங்க முடிவுதான். சொல்லக்கூடாதுன்னு பிடிவாதமா இருந்த பிள்ளைங்க கூட இப்படிக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்காங்க.

உயிர் விஷயத்துல பெரியவங்களுக்கு ஒரு பயம் இருக்கு. நாமளே வாயத் தொறந்து கேட்டா இல்லாத நினைப்ப உண்டாக்கிடுவோமோன்னு. அப்படி ஆகாது. நேரா, நிதானமா "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வராது, நிறைய பிள்ளைங்களுக்கு கேக்க ஒரு ஆள் இருக்குங்கிற நிம்மதிதான் வரும். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 15லேர்ந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுறதுக்கான காரணங்கள்ல தற்கொலை 3வது எடத்துல இருக்கு, இத மனசுல வெச்சுக்கிட்டு நாம கூச்சப்பட்டுக்கிட்டு இருக்க முடியாது. ஆமான்னு சொன்னா அந்தப் பிள்ளைய தனியா விடக்கூடாது, அன்னிக்கே வீட்ல சொல்லணும், ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டுற எடத்துல இல்லாம பாத்துக்கணும், மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நான் மருந்து எழுதுற ஆள் இல்ல, இன்ன நோய்னு முத்திரை குத்துற ஆளும் இல்ல. எப்ப டாக்டர் தேவைன்னு கண்டுபிடிச்சு அங்க வரைக்கும் கைபிடிச்சு கொண்டு போய் விடுறது என் வேலை.

இன்னொன்னு, என் ரூமுக்கு அனுப்பப்படுற பிள்ளைங்க வேற, நான் பாக்க வேண்டிய பிள்ளைங்க வேற. சண்டை போட்டவன், எதுத்துப் பேசினவன், போன் கொண்டு வந்தவன், இவங்கள கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து விடுவாங்க, "நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்க"ன்னு. கவுன்சிலர் ரூம் தண்டனை ரூம் ஆயிடுச்சுன்னா அப்புறம் மனசுல பாரத்தோட இருக்குற எவனும் அந்தப் பக்கமே வர மாட்டான். 10லேர்ந்து 19 வயசுக்குள்ள 7 பேர்ல 1 ஆளுக்கு மனநலப் பிரச்சினை இருக்குன்னு அதே நிறுவனம் சொல்லுது, ஒரு கிளாஸ்ல 35 பேர்னா சராசரியா 5 பேர். அந்த 5 பேருமே சத்தம் போடுறவங்களா இருப்பாங்களா? திங்கக்கெழமை காலைல மட்டும் வயித்து வலி வர்ற பிள்ளை, வெயில்லயும் முழுக்கை கழட்டாத பிள்ளை, திடீர்னு தனியா உக்காந்து சாப்பிட ஆரம்பிச்ச பிள்ளை, நேத்து வரைக்கும் வரைஞ்சுக்கிட்டு இருந்து இன்னிக்கு பென்சிலயே தொடாத பிள்ளை. அப்புறம் எப்பவும் பர்ஸ்ட் வர்ற பிள்ளை, அவங்கள யாருமே அனுப்ப மாட்டாங்க, மார்க் வருதுல்ல, அதுக்கு மேல என்ன பிரச்சினைன்னு நினைச்சிடுறாங்க. ஒவ்வொண்ணுக்கும் சாதாரண காரணமும் இருக்கலாம், ஆனா பக்கத்துல போயி கேட்டாத்தான தெரியும்.

அமெரிக்க பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் 250 மாணவர்களுக்கு 1 கவுன்சிலர்னு சிபாரிசு பண்ணுது. அந்தக் கணக்குக்கே ஒவ்வொருத்தரையும் என்னால கவனிச்சுக்கிட்டு இருக்க முடியாது, தினம் கண்ணால பாக்குறது டீச்சரும் வீட்ல இருக்குறவங்களும்தான். அதனாலதான் உங்கள விலக்கி வெக்கணும்னு நான் சொல்லல, கேள்விய மாத்திக் கேளுங்கன்னு சொல்றேன். டீச்சர்ஸ், "என்ன சொன்னான்"னு கேக்குறதுக்கு பதிலா "நான் என்ன பண்ணா அவனுக்கு ஈஸியா இருக்கும்"னு கேளுங்க, அவன்கிட்ட சரின்னு வாங்கிட்டு அதுக்கு நான் தாராளமா பதில் சொல்வேன். ரெண்டு வாரத்துக்கு எழுப்பி சத்தமா படிக்கச் சொல்லாதீங்க, எடத்த மாத்தி கதவு பக்கம் உக்கார வைங்க, வெளிய போகணும்னு கைய தூக்கினா காரணம் கேக்காம விட்ருங்க. அவ்ளோதான். காரணம் தெரியாமலே இதெல்லாம் செய்ய முடியும், இதுல பாதிப் பிரச்சினை லேசாகி நான் பாத்திருக்கேன்.

வீட்ல இருக்குறவங்களுக்கு இது கஷ்டம்னு புரியுது, பெத்த பிள்ளை வேற ஒருத்தர்கிட்ட பேசுதுன்னா வலிக்கும். பேசிட்டு வந்த அன்னிக்கு எதுவும் துருவாதீங்க, வழக்கமா என்ன பேசுவீங்களோ அதையே பேசுங்க, அவனா வந்து பக்கத்துல உக்காந்தா போன கீழ வைங்க, சொல்லி முடிக்கிற வரைக்கும் புத்தி சொல்லாதீங்க.

ஒரு அம்மா வாரா வாரம் எனக்கு போன் பண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் அவன் பாதுகாப்பா இருக்கான், அது மட்டும் சொல்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கோவம் கூட பட்டாங்க. அப்புறம் ஒரு நாள் கேக்குறத நிறுத்திட்டாங்க, என்கிட்டயும் அவன்கிட்டயும். ஒரு மாசம் போயிருக்கும், ராத்திரி துணி மடிச்சிக்கிட்டு இருந்தப்போ அவனா பக்கத்துல வந்து உக்காந்து ஒண்ணொண்ணா சொல்லியிருக்கான். மறுநாள் காலைல எனக்கு போன் பண்ணி அழுதாங்க. "அவன் என்ன சொன்னான்னு உங்ககிட்ட சொல்லலாமா மேடம்?"னு கேட்டாங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கன்னு சொன்னேன்.