உங்கள் கோழிக்குக் கேட்ட மருந்து

வீட்டில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் தூங்கி நின்றால், அதை வளர்ப்பவர் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் கோழி வளர்க்கும் இன்னொருவரைத்தான். கால்நடை மருத்துவரின் நினைவு பிறகுதான் வருகிறது. பல ஆண்டுகளாகக் கோழிகளுக்கு மருத்துவம் பார்த்துவரும் எனக்கு இதில் வருத்தம் இல்லை. அந்த அண்டை வீட்டுக்காரர் அருகில் இருக்கிறார், கூப்பிட்ட குரலுக்கு வருகிறார், தானும் கோழிகளை இழந்தவர் என்பதால் அக்கறையோடு சொல்கிறார். ஆனால் அப்படிக் கைமாறும் அறிவுரையில் மருந்தின் பெயர் மட்டும் வந்து சேர்கிறது. அது எந்த நோய்க்குக் கொடுத்த மருந்து என்பது வழியிலேயே விடுபட்டுப் போகிறது. இந்த ஒரு குறையால் நான் பார்த்த சாவுகள் அதிகம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை ஓர் அம்மா அட்டைப்பெட்டியில் மூன்று குஞ்சுகளைக் கொண்டுவந்தார். ஐந்து வாரக் குஞ்சுகள். இறகு சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடியபடி ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, முகம் வெளிறியிருந்தது, பெட்டியில் விரித்திருந்த செய்தித்தாளில் மூன்று நான்கு இடங்களில் புது இரத்தம் தெரிந்தது. இருபது குஞ்சுகளில் பதினொன்று அதற்குள் இறந்துவிட்டிருந்தன. நான்கு நாளாக மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லி ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். சளிக்கும் மூச்சிரைப்புக்கும் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி அது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அந்த மருந்து உண்மையிலேயே கேட்டிருந்தது, ஏனெனில் அவற்றுக்கு வந்திருந்தது சளி. இவருடைய குஞ்சுகளுக்கு வந்திருந்ததோ இரத்தக்கழிச்சல். சொன்னவர் மனதிலும் கேட்டவர் மனதிலும் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் வீணாய்ப் போன அந்த நான்கு நாள்கள்தான் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றுவதற்கு இருந்த காலம்.

இரத்தக்கழிச்சலை உண்டாக்குவது ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியே விழும் அதன் முட்டை போன்ற உறைகள் விழுந்த உடனே நோயைத் தருவதில்லை. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகின்றன. அவற்றைக் கொத்தித் தின்ற குஞ்சின் குடல் சுவருக்குள் ஒட்டுண்ணி புகுந்து பெருகி, சுவரைச் சிதைத்து, ஒரு வாரத்துக்குள் பல்லாயிரக்கணக்கில் மறுபடியும் தரையில் பரப்பிய கூளத்துக்கே வந்து சேர்கிறது. நாம் தெளிக்கும் பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கு அந்த உறை அசைந்துகொடுப்பதில்லை. ஆம்ப்ரோலியம் போல இந்த ஒட்டுண்ணிக்கென்றே உள்ள மருந்தைக் குடிநீரில் கொடுக்க வேண்டும், கூடவே கூளத்தை உலர வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் மற்றது பலன் தராது. தண்ணீர்த்தட்டு எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். தரையில்தான் இருப்பதாகவும், குஞ்சுகள் மிதித்துக் கவிழ்த்து அந்த இடம் எப்போதும் சொதசொதவென்று கிடப்பதாகவும் சொன்னார். தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்து, நனைந்த கூளத்தை அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் பரப்பச் சொன்னேன். மீதமிருந்த ஒன்பதில் ஏழு பிழைத்தன.

ஆகவே, உங்களிடம் ஒருவர் வந்து தன் கோழிக்குச் சீக்கு என்று சொன்னால், மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். முதல் கேள்வி, வயது என்ன என்பது. மூன்று முதல் ஆறு வாரத்துக் குஞ்சு தூங்கி விழுந்தால் என் நினைவில் முதலில் வருவது இரத்தக்கழிச்சல். முட்டையிடும் பெட்டை தூங்கி விழுந்தால் முட்டை உள்ளே அடைபட்டிருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குவேன். அடுத்தது, ஒன்றுக்கு மட்டுமா, பலவற்றுக்கா என்பது. ஒரே கோழி பல நாளாக மெலிந்துகொண்டே வருவது வேறு. நேற்று இரண்டு, இன்று ஐந்து என்று பரவுவது வேறு. பிறகு, கடந்த ஒரு மாதத்துக்குள் வெளியிலிருந்து புதிய கோழி ஏதேனும் உள்ளே வந்ததா, தடுப்பு மருந்து எப்போது போடப்பட்டது, தீவனம் மாறியதா என்று கேட்க வேண்டும். கடைசியாக, எச்சத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

எச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நல்ல கோழிகளுக்கு மருந்து கொடுக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது. நலமாக உள்ள கோழியின் எச்சம் கரும்பச்சையோ பழுப்போ ஆன உருண்டையாகவும், அதன் தலையில் வெண்மையான பூச்சு படிந்ததாகவும் இருக்கும்; அந்த வெண்மை கோழியின் சிறுநீரகத்திலிருந்து வரும் யூரேட் உப்பு. இப்படி எட்டுப் பத்து முறை எச்சமிட்டால் ஒருமுறை, கூழ்போலக் குழைந்து, காப்பிக்கொட்டை நிறத்தில், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு வேறொன்று விழும். அது பெருங்குடல்வாயில் உள்ள இரண்டு முட்டுக்குடல்களிலிருந்து வருவது, முற்றிலும் இயல்பானது. இதைக் கழிச்சல் என்று எண்ணிக் கூட்டம் முழுவதற்கும் மருந்து கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எப்போதாவது எச்சத்தில் ஆரஞ்சு நிறச் சவ்வுத் துணுக்கு ஒன்று தென்பட்டு, கோழி வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருந்தால், அதுவும் குடலின் உள்பூச்சு உதிர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இரத்தம் என்றால் பல எச்சங்களில் தெரியும், கோழியும் சோர்ந்து நிற்கும். விடியற்காலையில் கோழிகள் அடைந்திருந்த இடத்தின் கீழே ஒரு நிமிடம் நின்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டவருக்கு, எது புதியது என்பது தானாகவே கண்ணில் படும்.

மருந்தே இல்லாத நோய்க்கு மருந்து சொல்வது இன்னொரு பெரிய துன்பம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது, சில நாளில் கழுத்து முறுக்கிக்கொள்வது, கூட்டமே சரிவது என்றால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டறியப்பட்டு, நியூகாசில் நோய் என்றும் இராணிக்கெட் நோய் என்றும் பெயர்பெற்ற அதே நோய்தான். இது வைரசால் வருவது. எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் வைரசைக் கொல்லாது. கழுத்து முறுக்கிக்கொள்வதற்கு வைட்டமின் குறைபாடும் காரணமாகலாம் என்பதால், சத்து மருந்து கொடுத்துத் தேறிய ஒரு கோழியின் கதையைக் கேட்டுவிட்டு, வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிகளுக்கு அதையே ஊட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பிரிக்காமல் காத்திருப்பவர்களும் உண்டு.

இந்த நோயில் தடுப்பு மருந்து ஒன்றே வழி. லசோட்டா போன்ற வகையைப் பிறந்த 5 முதல் 7 நாளில் கண்ணில் ஒரு சொட்டு விடுவது வழக்கம். அதன்பின் தவணை தவறாமல் திரும்பப் போட வேண்டும். சற்று வெப்பத்தைத் தாங்கும் ஐ-2 வகையாக இருந்தால் ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இங்கே அண்டை வீட்டாரின் ஒற்றுமை பெரிதும் உதவுகிறது. குப்பிகள் பெரும்பாலும் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதுமான அளவில்தான் வருகின்றன. பத்துக் கோழி வைத்திருப்பவர் அதைத் தனியாக வாங்கத் தயங்கி, கடைசியில் போடாமலே விட்டுவிடுகிறார். நான்கைந்து வீட்டார் ஒரே நாளைக் குறித்துக்கொண்டால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைத்திருந்து, பனிக்கட்டியோடு எடுத்து வந்து, கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கென்று எடுத்து வைப்பதில் பயனில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்காரரே தன் கோழியைப் பிடிக்கட்டும்; சொட்டு விடுபவர் வீட்டுக்கு வீடு கையைக் கழுவி, செருப்பை மாற்றிக்கொள்ளட்டும்.

சொட்டு விடுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. குஞ்சைக் கைக்குள் அடக்கி, ஒரு கண் மேலே பார்க்கும்படி தலையைச் சாய்த்துப் பிடித்து விட்டால், சொட்டு சிறிது நேரம் கண்ணின் மேல் பளபளவென்று நிற்கும். குஞ்சு ஒன்றிரண்டு முறை இமைத்த பிறகே உள்ளே இறங்கும். அதைப் பார்த்த பின்புதான் கையை எடுக்க வேண்டும். அவசரத்தில் விட்டால் குஞ்சு தலையை உதறிவிடும், மருந்து தரையில் போய்விடும், நாமோ போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்போம்.

முட்டையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மஞ்சள் கரு வேகமாக வளர்வது முட்டையிடுவதற்கு முந்தைய பத்து நாள் அளவில்தான். அந்த நாள்களில் கோழிக்குக் கொடுத்த மருந்து, கொடுப்பதை நிறுத்திய பிறகும் கருவில் தங்கி வரக்கூடும். ஆகவே ஒரு மருந்தை யாருக்காவது சொல்வதானால், எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மருந்தையும் சொல்லாமல் இருப்பது நல்லது. அதேபோல, முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 4 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதைக் குஞ்சுகளுக்குத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். ஓடு இல்லாத தோல்முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள், வேண்டியதை அது எடுத்துக்கொள்ளும்.

அறிவுரைகளிலெல்லாம் விலைமதிப்பற்றது, தன் வீட்டில் சீக்கு வந்துவிட்டது என்று மறைக்காமல் சொல்வதுதான். கூச்சத்தால் பலர் மறைக்கிறார்கள். சிலர் மிஞ்சியதாவது காசாகட்டும் என்று பார்வைக்கு நலமாக இருக்கும் கோழிகளை விற்றுவிடுகிறார்கள், நோயும் அவற்றோடு போய்விடுகிறது. ஒரே இரவில் பல கோழிகள் இறந்து, முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்; இறந்ததை அறுத்துப் பார்க்காமல், சமைக்காமல், நீர்நிலையில் வீசாமல், கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், தன் கோழிகளில் முதலாவது இறந்த அன்று மாலையே நான்கு வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்; காலோடு நோயைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக நேரில் போகவில்லை, யாரையும் தன் வீட்டுக்கு வர விடவும் இல்லை. அவர்களில் ஒருவர் ஐந்து நாளுக்கு முன்தான் அவரிடமிருந்து ஒரு பெட்டையை வாங்கிப் போயிருந்தார். புதிய கோழியை ஒரு மாதம் தனியே வைப்பது வாங்கியவரின் வழக்கம் என்பதால், அது தோட்டத்தின் மறுகோடியில் ஒரு பஞ்சாரத்துக்குள் இருந்தது. தீனி வைப்பதும்கூட மற்ற கோழிகளைப் பார்த்து முடித்த பிறகுதான். செய்தி கிடைத்ததிலிருந்து அந்தப் பக்கம் போவதற்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் அந்தப் பெட்டை கழுத்து முறுக்கி இறந்தது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, பஞ்சாரத்தையும் கொளுத்திவிட்டார். தவணை தவறாமல் சொட்டு மருந்து பெற்றிருந்த அவருடைய மற்றப் பதினாறு கோழிகளில் ஒன்றுக்கும் நோய் வரவில்லை.