பால் மறப்பது யார்?

எங்கள் பக்கத்தில் பால்குடியை நிறுத்துவதைப் ‘பால் மறக்கடிப்பது’ என்பார்கள். வழியும் ஊரறிந்ததுதான்: மார்க்காம்பில் வேப்பெண்ணெய், இல்லாவிட்டால் அரைத்த வேப்பிலை. பிள்ளை ஆசையாக வாய் வைக்கும், முகத்தைச் சுளிக்கும், வீறிட்டு அழும். இரண்டு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. மூன்றாம் நாள் ‘மறந்துட்டான்’ என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்த மூன்று நாளில் மறக்கத் தொடங்கியது பிள்ளையா, தாயின் மார்பா என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

ஆறு மாதம் முடிந்து கிண்ணமும் கரண்டியும் வந்த உடனே ‘இனிமே பாலை எத்தனை வேளை குறைக்கணும்?’ என்ற கேள்வியும் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளுக்குப் பின்னால் உள்ள எண்களைப் பாருங்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 615 கலோரி வேண்டும். வளரும் நாடுகளில் சராசரியாகத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதில் 413 பாலிலேயே கிடைத்துவிடுகிறது. சோறு தர வேண்டியது 200 மட்டும். 9 முதல் 11 மாதத்தில் தேவை 686. பால் 379, சோறு 300. ஒரு வயதுக்கு மேல், இரண்டு வயதுக்குள், தேவை 894. பால் 346, சோறு 550.

இதில் பாலின் எண்களை மட்டும் தனியாகப் படியுங்கள்: 413, 379, 346. முழுதாக ஒரு வருஷத்தில் குறைந்தது 67 கலோரி. அதாவது சுமார் 100 மில்லி, அரைத் தம்ளர் பால். சோறு பாலைத் துரத்திவிட்டு உட்காருவதில்லை. வளர வளரக் கூடும் பசிக்குத்தான் அது பதில் சொல்கிறது.

குழந்தையும் கணக்கில் கெட்டிதான். ஹோண்டுராஸில் நடந்து 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், சில குழந்தைகளுக்கு நான்கு மாதத்திலேயே திட உணவு கொடுத்துப் பார்த்தார்கள். மற்றக் குழந்தைகளைவிட எடை அதிகம் கூடவில்லை. சோற்றில் வந்த கலோரிக்கு ஈடாக அவை பாலைக் குறைத்துக் குடித்துவிட்டன. யாரும் அளந்து நிறுத்தவில்லை. வயிறு தானே நிறுத்தியது.

அந்த வயிறு எவ்வளவு பெரிது? ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி என்று வைத்தால், 8 கிலோ குழந்தைக்கு 240 மில்லி, ஒரு பெரிய தம்ளர். அந்தத் தம்ளரைத் தாய்ப்பாலால் நிரப்பினால் சுமார் 160 கலோரி. 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் மாவு போட்டுக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியால் நிரப்பினால் 75-ஐ ஒட்டித்தான் வரும். ‘கஞ்சி வயித்துல நிக்கும், பால் தண்ணிதானே’ என்று பாலை ஒரு வேளை நிறுத்திவிட்டுக் கஞ்சி ஊட்டும் வீட்டில் பிள்ளை வயிறு உப்ப இருக்கும், எடை மட்டும் ஏறாது. என்னைக் கேட்டால், பாலைக் குறைப்பதில் நடக்கும் பெரிய பிழை வேளைக் கணக்கில் இல்லை, இந்த நீர்த்த கஞ்சியில்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு கரண்டி போதும். ஊட்டப்போகும் உணவை அள்ளிச் சாய்த்துப் பாருங்கள். சரசரவென்று வழிந்தால் அது தண்ணீர். கரண்டியை விட மனமில்லாமல் நின்று, மெல்ல இறங்கினால் சாப்பாடு. நெய் விட்டுக் குழைய மசித்த பருப்புச் சோறு அப்படித்தான் நிற்கும்.

ஆனால் மாவை அதிகம் போட்டால் கஞ்சி களியாகிவிடுகிறதே, ஆறு மாதப் பிள்ளை எப்படி விழுங்கும்? வெந்த மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதிக்கொள்வதால் வரும் வினை இது. இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு. முளைவிடும் தானியம் தன் கிடங்கில் உள்ள மாவுச்சத்தை வெட்டிச் சாப்பிட அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. கெட்டியாகக் காய்ச்சிய கூழை இறக்கி, கொதி அடங்கியதும் ஒரு தேக்கரண்டி முளைத்த கேழ்வரகு மாவைப் போட்டுக் கிண்டுங்கள். சில நிமிஷத்தில் கரண்டிக்கே வித்தியாசம் தெரியும்; களி இளகி ஓடத் தொடங்கும். மாவு குறையவில்லை, கலோரி குறையவில்லை, கெட்டித்தன்மை மட்டும் போய்விட்டது. பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும், பச்சை மாவில் கிருமி இருக்கலாம். பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1980-களில் இதைத்தான் அளந்து காட்டினார்கள். சத்துமாவுக்காக முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை வாசனை வரும்வரை வறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். ருசி கிடைக்கும், இந்த வித்தை கிடைக்காது.

பால் இவ்வளவு கெட்டிக்கார உணவு என்றால் சோறு எதற்கு? இரும்புக்காக. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூட இருக்காது. இருப்பது நன்றாகவே உடலில் சேரும், ஆனாலும் போதாது. வயிற்றில் இருந்தபோது அம்மாவிடம் வாங்கி வைத்த சேமிப்பைக் கொண்டுதான் பிள்ளை முதல் ஆறு மாதத்தை ஓட்டுகிறது. அந்தச் சேமிப்பு கரையும் நேரமும் முதல் கவளத்தின் நேரமும் ஒன்றாக வருகின்றன. அதனால் ஈரல், மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் ‘பல்லு வந்த பிறகு’ என்று தள்ளிப்போடக் கூடாதவை. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு எளிதில் சேராது. இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு உதவும்.

ஒரு வயதுக்குப் பிறகு கதை தலைகீழாகும். ‘சோத்தப் பாத்தாலே ஓடுறான் டாக்டர்’ என்று தூக்கி வரப்படும் பிள்ளையின் கையில் பெரும்பாலும் ஒரு பாட்டில் இருக்கும். 250 மில்லி பாட்டிலில் நாளைக்கு மூன்று முறை பசும்பால் என்றால் ஏறத்தாழ 490 கலோரி, தேவையில் பாதிக்கு மேல். சர்க்கரையும் பவுடரும் போட்டிருந்தால் இன்னும் கூடும். அப்புறம் எங்கிருந்து பசிக்கும்? பசும்பாலிலும் இரும்பு இல்லை. அதன் கால்சியமும் கேசீன் என்ற புரதமும் மற்ற உணவில் வரும் இரும்பையும் தடுக்கின்றன. ஒரு வயதுக்கு முன் அதையே முக்கியப் பாலாகக் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் வரும். இங்கே தயங்காமல் குறைக்கலாம்: நாளைக்கு அரை லிட்டருக்குள், பாட்டிலில் வேண்டாம், தம்ளரில்.

இனி வேப்பெண்ணெய்க்கு வருவோம். பால் சுரக்கச் சொல்வது ரத்தத்தில் ஓடும் புரோலாக்டின் என்ற ஹார்மோன். ஆனால் ஒரு பக்கம் மட்டுமே குடித்துப் பழகிய பிள்ளையின் தாயைக் கேளுங்கள், மறுபக்கம் வற்றிப்போயிருக்கும். இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே ரத்தம்தானே? அப்படியானால் ‘போதும்’ என்ற கட்டளை மார்பிலிருந்தே பிறக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிறுவனத்தில் ஆடுகளை வைத்துப் பார்த்தவர்கள் சொன்னது இதுதான்: தேங்கிய பாலே சுரப்பைத் தடுக்கிறது. குடிக்காமல் விட்ட பால் அடுத்த பாலுக்கு ‘வராதே’ என்று சொல்லி அனுப்புகிறது.

அந்தச் செய்தி போய்ச்சேர அவகாசம் வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு கல்லாகும், காய்ச்சல் வரும், அழற்சியாகிச் சீழ் பிடிப்பதும் உண்டு. சில நாளுக்கு ஒரு வேளை வீதம் குறைத்தால் இந்தத் தொல்லை குறைவு. நம் பெண்கள் இதற்கு மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டுவார்கள். பாட்டி வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பிரசவத்துக்குப் பின் பால் வற்ற வேண்டியிருந்த தாய்மாரிடம் மல்லிகையையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988-ல் வெளியிட்டார்கள். புரோலாக்டினை மாத்திரை அதிகம் குறைத்தது, பூவும் குறைத்தது. பால் கட்டுவதிலும் வலியிலும் இரண்டும் சமமாக நின்றன.

குடிப்பது குறையக் குறையச் சுரப்புச் செல்களுக்கு இடையிலிருந்த இறுக்கம் தளர்கிறது. ரத்தத்தின் உப்பு பாலில் கலக்கிறது, இனிப்பு குறைகிறது, நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிவாகின்றன. அவசரப்படாத வீட்டில் வேப்பெண்ணெய்க்கு வேலை வராமலே போகலாம். பிள்ளை ஒரு வாய் உறிஞ்சி, கரிக்கும் பாலை யோசனையாக விழுங்கிவிட்டு, அம்மாவின் தட்டில் இருக்கும் அப்பளத்துக்குக் கை நீட்டும்.