காலை இறுக்கம்

காலை 5.30 மணிக்கு என் மனைவியால் கோலப்பொடியை விரலிடுக்கில் பிடிக்க முடியவில்லை. அதே விரல்கள் 11 மணிக்கு மல்லிகையை வாழைநாரில் மளமளவென்று தொடுத்தன. "இப்ப நல்லாத்தானே கட்டுற, காலையில என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முடக்குவாதம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், அந்த வித்தியாசமே நோயின் அடையாளம் என்று புரிந்தது.

எங்கள் செல்லூர்த் தெருவில் வாய்வு என்றார்கள், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார்கள். வாய்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆள் தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்குகின்றன. மெல்லிசாக இருக்க வேண்டிய அந்தச் சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒன்றுபோல, விரல் முட்டியிலும் மணிக்கட்டிலும் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

சரி, ஏன் காலையில்? அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் இரவில் கூடிக்கொண்டே போய் விடியலை ஒட்டி உச்சத்தில் நிற்கும். அழற்சியை அடக்க உடம்பே சுரக்கும் கார்டிசாலோ நள்ளிரவில் அடிமட்டத்தில் கிடந்து விடியும்போதுதான் ஏறும். முடக்குவாதத்தில் அந்த ஏற்றம் போதுவதில்லை. அசையாமல் படுத்திருந்ததில் மூட்டைச் சுற்றி நீரும் கோத்துக்கொள்ளும். கையை அசைக்க அசைக்கத்தான் அது வடியும். தேய்மான மூட்டுவலியில் இந்த இறுக்கம் பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். இதில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நிற்கும்.

1948-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச், நடமாட முடியாமல் கிடந்த முடக்குவாத நோயாளி ஒருவருக்கு, கார்டிசாலுக்கு நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியில் ஏற்றினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹெஞ்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கார்டிசோன் போன்ற ஸ்டீராய்டை வருடக்கணக்கில் எடுத்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். அதனால் இன்று பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட்.

இந்த மாத்திரை விஷயத்தில் வீட்டிலுள்ளவர் கண் கட்டாயம் இருக்க வேண்டும். இது வாரத்துக்கு ஒரே நாள். மறந்துபோய் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம், தினசரி காலண்டர் தாளில் சிவப்பு வட்டம் போட்டு. ஈரலையும் ரத்த அணுக்களையும் பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். "மருந்து கேக்கலையே, நிறுத்திடலாமா" என்று அவள் கேட்டது நாலாவது வாரத்தில். மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்க இந்த முதல் மாதங்கள்தான் முக்கியம் என்பதை அன்று திரும்பத் திரும்பப் பேசினோம்.

நாள் முழுக்க "நீ உட்காரு" என்று சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வருகிறது. பூக்கட்டுவது அவள் சம்பாத்தியம், அதில் நான் கை வைப்பதில்லை. 5 மணி முதல் 7 மணி வரைதான் என் முறை. பால் பாக்கெட் வெட்டுவது, குக்கர் மூடி, தண்ணீர்க் குடம், வாசல் தெளிப்பது எல்லாம் நான். அவள் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை முக்கி மெல்ல மடக்கி நீட்டுவாள்.

எழுந்ததிலிருந்து கையை முழுதாக மூட முடிகிற வரை எத்தனை நிமிடம் என்று அதே காலண்டர் தாளில் குறித்து வைக்கிறேன். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான். முதல் வாரம் 90. பத்தாவது வாரம் 40.