லினக்ஸுக்குப் பிரிண்டர் வாங்குகிறீர்களா? பெட்டியில் ஏர்பிரின்ட் இருக்கிறதா பாருங்கள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதன்பிறகு என்னிடம் வருகிறவர்களில் பலர் நன்றாக ஓடுகிற பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் சிஸ்டங்களுக்கு மாறிக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள், ஓசூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி பிள்ளைகள் என்று எல்லா வகையும் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சிஸ்டம் சர்வீஸ் செய்கிற எனக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. பிரிண்டர் வயரைச் செருகிய பிறகுதான் போன் வரும்.

தர்மபுரியில் ஒரு டியூஷன் டீச்சர், பரீட்சை நேரத்தில் புது லேசர் பிரிண்டர் வாங்கினார். "எல்லாத்துலயும் ஓடும் மேடம்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். லினக்ஸில் அது பெயரளவுக்குத் தெரிந்தது, ஒரு பக்கம்கூட வரவில்லை. சீல் உடைத்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்கவும் இல்லை.

இதற்குக் காரணம் லினக்ஸ் இல்லை. விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றில், பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றுகிற வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடுவார்கள். மாற்றிய டேட்டாவும் அந்தக் கம்பெனிக்கே உரிய மொழியில் போக வேண்டும். கேனன் எல்பிபி 2900-க்குக் கேப்ட் என்ற தனி மொழி. எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டரிலிருந்து வாங்கிக்கொள்ளும். அதற்கு லினக்ஸில் எச்பிலிப் என்ற எச்பி டிரைவர் தொகுப்போடு பிளகின் என்ற துணை மென்பொருளும் வேண்டும், அந்த இரண்டும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். சிஸ்டத்தை அப்டேட் செய்ததும் நேற்றுவரை ஓடிய பிரிண்டர் நின்றுபோனால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

சரி, எதைத்தான் வாங்குவது? பெட்டியில் ஏர்பிரின்ட் என்று இருக்கிறதா பாருங்கள். ஐபோனிலிருந்து டிரைவர் இல்லாமல் நேராக அச்சடிக்க ஆப்பிள் 2010-ல் கொண்டுவந்த விஷயம் அது, ஆனாலும் லினக்ஸ்காரர்களுக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருளைத்தான் ஆப்பிளும் 2002-லிருந்து மேக்கில் வைத்திருக்கிறது, ஏர்பிரின்டின் அடியில் ஓடுவதும் கப்ஸுக்குப் பழக்கமான ஐபிபி நெறிமுறைதான், அதாவது கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் பொது மொழி. அதனால் ஐபோனிலிருந்து நேராக அச்சடிக்கிற பிரிண்டர், டிரைவர் எதுவும் போடாமலே உபுண்டுவின் பிரிண்ட் பட்டியலில் தானாக வந்து நிற்கும். பெட்டியில் ஐபிபி எவ்ரிவேர் (அதே ஐபிபியில் டிரைவர் இல்லாமல் அச்சடிக்கும் தரம்) என்று இருந்தாலும் சந்தோஷமாக வாங்கலாம்.

மாடல் எண்ணில் கடைசி எழுத்துவரை படியுங்கள். பிரதரில் டி என்றால் இரண்டு பக்கமும் அச்சடிக்கும், டபிள்யூ என்றால் வைஃபை. எப்சன் எல் 3210-க்கு யுஎஸ்பி வயர் மட்டும்தான், எல் 3250-ல் வைஃபை உண்டு. வயர் மட்டும் உள்ள மாடல் என்றால் அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று தனியாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த டிரைவர் இன்டெல் சிஸ்டத்துக்கு மட்டும் இருந்தால், வேறு வகைச் சிப்பில் ஓடும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவாது.

லேசரா, இங்க் டேங்கா என்பதில் மின்சாரத்தையும் யோசியுங்கள். லேசரில் மையை உருக்கி ஒட்டும் பகுதி சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும், கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் அதைச் செருகவே கூடாது. கரண்ட் போனாலும் யுபிஎஸ்ஸில் அச்சடிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இங்க் டேங்க்தான் சரி. ஆனால் மாதத்துக்கு நாலு பக்கம் அடிக்கிறவர் அதை வாங்கினால் நம்ம ஊர் வெயிலில் மை தெளிக்கும் ஹெட் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அவர் லேசர் பக்கமே போகட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப்பையே கொண்டு போங்கள், இல்லையென்றால் உபுண்டு ஏற்றிய பென்டிரைவைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு இயக்கினால் போதும். டெமோ பிரிண்டர் இருக்கும் வைஃபையில் சேர்ந்து ஒரு பிடிஎஃப் அடித்துப் பாருங்கள், அப்புறம் ஸ்கேனர் செயலியைத் திறந்து ஒரு பக்கம் ஸ்கேனும் செய்யுங்கள், ஏனென்றால் அச்சு ஓடி ஸ்கேன் ஓடாத ஆல்-இன்-ஒன்களும் உண்டு. டெமோ காட்ட முடியாது என்றால், லினக்ஸில் ஓடாவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு சீலை உடையுங்கள்.