எதையும் கேட்காமல் இருப்பது பக்குவம் அல்ல

"முன்னெல்லாம் தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே புடவைப் பேச்சை எடுப்பா, டாக்டரம்மா. இப்ப எதுவுமே கேக்கறதில்ல. பக்குவம் வந்துடுச்சு."

மருமகளை அழைத்துவந்த மாமியார் சொன்னது இது. குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பதைத் தாண்டிய வயது. தலைப்பின்னல் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் மகள் பின்னிவிட்டாளாம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. காபி பிடிக்குமா என்று கேட்டேன். "பிடிக்கும். இப்ப ருசியே தெரியல" என்றார். வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையில் நன்றாகத் தேறி வந்தவர்தான். நிறுத்தச் சொன்னவர் கணவர். அவர் கெட்டவர் இல்லை. தினமும் காலையில் போனில் வரும் புத்தர் படம் போட்ட வாசகங்களைப் படித்துவிட்டு, ஆசையை விட்டால் துன்பம் தானாகப் போய்விடும், மாத்திரை எதற்கு என்று உண்மையாகவே நம்பியிருக்கிறார்.

நான் பெங்களூரில் மனநல மருத்துவர். அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுனிலிருந்தும், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. மேலே சொன்னதில் ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். 'பக்குவம்' என்ற பேச்சை மட்டும் மாற்றவில்லை. வேறு வேறு வீட்டார் வாயிலிருந்து அதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மனச்சோர்வு, ஆசை அதிகமாகி வரும் நோய் அல்ல. எதிலும் நாட்டமே இல்லாமல் போவதுதான் அதன் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. சாப்பாட்டில் நாட்டம் இல்லை, பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் அசைவதில்லை, பிடித்த பாட்டைப் போட்டாலும் அணைத்துவிடச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி இப்படியே போனால் அதை நோய் என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் "ஆசையைக் குறைத்துக்கொள்" என்பது பட்டினி கிடப்பவரை விரதம் இருக்கச் சொல்வதற்குச் சமம். கேடு அதோடு நிற்பதில்லை. காரணமில்லாத குற்ற உணர்ச்சியும் இந்த நோயின் ஒரு பகுதி. ஏற்கெனவே "எல்லாம் என் தப்பு" என்று மருகிக்கொண்டிருப்பவரிடம் உன் ஆசையால்தான் உனக்குத் துன்பம் என்றால், அவர் அதையும் நம்பிவிடுவார்.

அப்படியானால் மனநிறைவை எப்படி அடையாளம் காண்பது? மனநிறைவோடு இருப்பவர் இருப்பதை ருசித்துச் சாப்பிடுவார். தூங்குவார், சிரிப்பார், கோபம் வந்தால் காட்டுவார். புதுப் புடவை வேண்டாம் என்பவர் பழைய புடவையை ஆசையாக மடித்து வைப்பார். இருப்பதும் வேண்டாம், நாளைய பொழுதும் வேண்டாம் என்ற நிலை அது இல்லை. வீட்டில் ஒருவர் திடீரென்று எதையும் கேட்காமல் ஆகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். (இப்படி வருபவர்களுக்கு தைராய்டு, பி12 பரிசோதனையும் எழுதிக் கொடுப்பேன். ரத்தத்தில் இருக்கும் குறையைத் தத்துவத்தால் நிரப்ப முடியாது.)

புத்தர் பெயரால் மருந்தை நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. துறவிக்கு அவர் அனுமதித்த அடிப்படைத் தேவைகள் நான்கு: உடை, உணவு, உறைவிடம், மருந்து. எல்லாவற்றையும் விட்டுவந்த பிக்குவுக்கே மருந்து உண்டு! சங்கத்துக்கு ஜீவகர் என்ற பேர்பெற்ற வைத்தியரும் இருந்தார். பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினயபிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலத்திலேயே விழுந்து கிடக்கிறார். கவனிக்க ஆள் இல்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவிவிட, இருவருமாகத் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன்பிறகு மற்ற பிக்குகளை அழைத்து, எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார்.

இதுவரை பலருக்கும் தெரியும். இதை ஒட்டி வரும் பகுதியைத்தான் யாரும் போனில் அனுப்புவதில்லை. நல்ல பராமரிப்பாளருக்கு வேண்டிய ஐந்து தகுதிகளை புத்தர் சொல்கிறார். மருந்தைத் தயார் செய்யும் திறமை அதில் முதலாவது. எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிவது அடுத்தது. ஆதாயத்துக்காக இல்லாமல் அன்பால் செய்வது, மலம், மூத்திரம், வாந்தி, எச்சிலை அருவருக்காமல் எடுப்பது என்று போய், அறவுரை சொல்லித் தேற்றுவது ஐந்தாவதாகத்தான் வருகிறது. நோயாளிக்கும் ஐந்து சொல்கிறார். மருந்தை உட்கொள்ள வேண்டும், நோய் கூடுகிறதா குறைகிறதா என்று கவனிப்பவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. வலியைப் பொறுத்துக்கொள்வது அங்கேயும் கடைசியில்தான். ஐந்தாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் நான்கையும் கைவிட்டால் அதற்கு தம்மம், அதாவது புத்தர் சொன்ன அறம், என்று பெயர் வைக்காதீர்கள்.

கே.ஜி.எஃப்.காரர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். உங்கள் ஊரில் பௌத்தம் வேர்பிடிக்கக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கிய அவர் தொழிலால் சித்த மருத்துவர். நாடி பார்த்து மருந்து கொடுத்த கை அது.

தியானத்துக்கு நான் எதிரி இல்லை. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு, அது மறுபடி வராமல் தடுக்க, விழிப்புநிலைத் தியானத்தைச் சேர்த்து உருவாக்கிய சிகிச்சைமுறை 1990-களிலிருந்து இருக்கிறது. நானும் பலருக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும்போது நாள் முழுக்க மௌனமாக உட்காருவது வேறு விஷயம். மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், மௌன முகாமுக்குப் போவதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டான். திரும்பியவன் ராத்திரியில் இரண்டு மணி நேரம் தூங்கினான், களைப்பே இல்லை, எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே சம்பளப் பணத்தைத் தெருவில் போவோர் வருவோருக்குக் கொடுத்தான். வீட்டார் அதைக் கருணை என்று நினைத்தார்கள். என்னிடம் கொண்டுவரும்போது அவன் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

மனநோய் சிகிச்சை உண்டா என்று பல தியான மையங்கள் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. தயவுசெய்து மறைக்காதீர்கள். லித்தியம் சாப்பிடுபவர்கள் நீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கக் கூடாது. உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, நடை தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் இந்த 'பொறுத்துக்கொள்' விவகாரம். அடிக்கும் கணவனையும் சம்பளம் பிடிக்கும் மேலாளரையும் சகித்துக்கொள்வதற்கு மனநிறைவு என்று பெயர் சூட்டுகிறார்கள். இல்லறத்தாருக்கான கடமைகளைச் சொல்லும் சிகாலோவாத சூத்திரத்தில் புத்தர் முதலாளிக்கே கடமை வகுத்திருக்கிறார்: சக்திக்கு ஏற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயுற்றால் பராமரிப்பு, உரிய நேரத்தில் ஓய்வு. மனைவியை மதிக்க வேண்டும், இழிவுபடுத்தக் கூடாது என்று கணவனுக்கும் அதே இடத்தில் சொல்கிறார். உரியதைக் கேட்பது ஆசையில் சேராது. 5-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் புத்தகோசர் (காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே குறிப்பிடுகிறார்) தியானத்தை விளக்கும் தன் விசுத்திமக்கம் என்ற நூலில், அறியாமையால் வரும் அலட்சியம் சமநிலையைப் போலவே தோற்றம் காட்டும் பகை என்று எச்சரிக்கிறார். என் ஓ.பி.யில் நான் அதிகம் பார்ப்பது அந்த அலட்சியத்தைத்தான்.

பராமரிக்கும் அம்மாக்களே, அக்காக்களே, உங்களிடம் ஒரு கெஞ்சல். அன்பைப் பெருக்கும் தியானத்தை முதலில் தன்னிடமிருந்து தொடங்கச் சொல்கிறது அதே விசுத்திமக்கம். வாரத்தில் ஒரு அரைநாளாவது வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே போங்கள். நீங்கள் படுத்துவிட்டால் மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

மனச்சோர்வு மாத்திரை பலன் தர சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் குணமில்லை என்று விடாதீர்கள். தேறிய பிறகும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சாவைப் பற்றி ஒருவர் பேசினால் அறவுரை வேண்டாம், அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே அழைத்து வாருங்கள். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வரும்போது பழைய சீட்டுகளையும் மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டைகளையும் அப்படியே கொண்டுவாருங்கள். எந்த வாரத்திலிருந்து நின்றுபோயிருக்கிறது என்று கணக்குப் பார்க்கத்தான் கேட்கிறேன், திட்ட மாட்டேன்.