பிக்சல் உடைந்த முகம்

பெரியப்பா இறந்த நான்காம் நாள், காரியத்துக்கு வைக்க ஒரு படம் தேடினோம். அவர் தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கடைசியில் குடும்ப வாட்ஸப் குழுவில் அகப்பட்டது. அக்கா மகளின் வளைகாப்பன்று மண்டப வாசலில் எல்லோரும் நிற்கும் படம். இரண்டாம் வரிசையில் பெரியப்பா எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை மட்டும் வெட்டி 12க்கு 18 அங்குலத்தில் போட்டுத் தரச்சொல்லி கலர் லேபில் கொடுத்தேன். லேப் அண்ணன் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார்.

"பிக்சல் உடையுது தம்பி. ஒரிஜினல் இருந்தா கொண்டாங்க."

ஒரிஜினல் இல்லை. படம் எடுத்த சித்தப்பா மகன் போன் மாற்றியபோது அழிந்துவிட்டது. திரையில் இருந்தது சிரிப்பின் சாயல் மட்டும். கண்ணோரச் சுருக்கங்கள் இருந்த இடத்தில் மங்கிய சதுரங்கள். அந்த முகம் எங்கே போனது என்ற கேள்வி என்னை விடவில்லை. வாசல் வெளிச்சத்திலிருந்து லேப் காகிதம் வரை ஒரு படம் வரும் வழியை அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு படியாகத் தெரிந்துகொண்டேன்.

கேமராவுக்குள் படம் என்று எதுவும் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. சென்சார் என்பது ஒரு சிலிக்கான் சில்லு. 12 மெகாபிக்சல் என்றால் அதில் 1 கோடியே 20 லட்சம் நுண்ணிய கட்டங்கள். லென்ஸ் வழியாக வரும் ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், ஒரு கட்டத்தில் விழும்போது சிலிக்கானிலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க எலக்ட்ரான்கள் சேரும். மூடியதும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எண்ணாக எழுதிக்கொள்வதுதான் கேமராவின் வேலை.

1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவைச் செய்தார். கையடக்கம் என்றாலும் எடை 3.6 கிலோ. மொத்தம் 10,000 பிக்சல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. அவர் எடுத்த முதல் முகம், ஆய்வகத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. திரையில் போட்டபோது கூந்தலின் வடிவம் தெரிந்தது, முகம் மட்டும் புள்ளிக் குழம்பாக இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் இலக்கங்கள் தலைகீழ் வரிசையில் படிக்கப்பட்டிருந்தன. ஒயர்களை மாற்றிச் செருகியதும் முகம் வந்துவிட்டது. அங்கே எண்கள் பத்திரமாக இருந்ததால் முகத்தை மீட்க முடிந்தது. எண்களே போய்விட்டால் எந்த ஒயரை மாற்றியும் பயனில்லை.

தூறல் விழும்போது முற்றத்தில் ஒரே அளவுக் கிண்ணங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பத்தே விநாடியில் எடுத்துவிட்டால் ஒன்றில் ஏழு துளி இருக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் பன்னிரண்டு இருக்கும். ஒரு மணி நேரம் விட்டால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஒளியும் அப்படித்தான் விழுகிறது. சராசரியாக 100 ஃபோட்டான் விழும் கட்டங்களில் 10 கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம், அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் வேறுபாடு 100தான், நூற்றுக்கு ஒன்று. இரவு விருந்தில் எடுத்த படங்களில் கன்னமெல்லாம் மணல் தூவியதுபோல் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பல போன்களின் சென்சார் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பெரிய கேமராவில் அது 36க்கு 24 மில்லிமீட்டர். கிண்ணத்தின் வாய் அகலமானால் துளிகளும் அதிகம் விழும்.

கேமராவில் ஐஎஸ்ஓ என்று ஓர் அமைப்பு உண்டு. அதைக் கூட்டினால் வெளிச்சம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. விழுந்த துளிகள் விழுந்தவைதான். ஐஎஸ்ஓ அந்த அளவைப் பெருக்கிக் காட்டுகிறது, மணலும் சேர்ந்தே பெரிதாகத் தெரிகிறது. உண்மையிலேயே வெளிச்சம் சேர வேண்டுமானால் ஷட்டரை அதிக நேரம் திறக்க வேண்டும், அல்லது லென்ஸின் துளையைப் பெரிதாக்க வேண்டும். அதிக நேரம் திறந்தால் கை ஆடும், ஆள் அசைவார். துளை பெரிதானால் முன்னாலிருப்பவர் துல்லியமாகவும் பின்னாலிருப்பவர் கலங்கலாகவும் விழுவார்கள். இவை இரண்டையும்விட எளிய வழி, ஆளை வெளிச்சத்துக்கு அழைத்து வருவது. பாட்டியை அறை மூலையில் உட்கார வைத்து எடுக்காமல் திண்ணைக்கோ சன்னலோரத்துக்கோ கூட்டி வாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ அவர் முகத்தில் விழட்டும். எந்த விலைக் கேமராவும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி நிறம். சிலிக்கானுக்கு நிறம் தெரியாது; சிவப்பு ஃபோட்டானும் பச்சை ஃபோட்டானும் அதற்கு ஓர் எலக்ட்ரான்தான். கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் இதற்கு ஒரு வழி கண்டார். 1976இல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு சிறிய வண்ண வடிகட்டி: பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மீதிக் கால்வாசிக்கு நீலம். நம் கண் நுணுக்கங்களைப் பெரும்பாலும் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் பிரித்தறிகிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

இதன் பொருளை எண்ணிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 12 மெகாபிக்சல் படத்துக்கு மொத்தம் 3 கோடியே 60 லட்சம் நிற எண்கள் வேண்டும், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று. கேமரா அளந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி 2 கோடியே 40 லட்சமும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துப் போட்ட ஊகம். சிவப்பு வடிகட்டிக்கு அடியில் இருக்கும் கட்டம், தன் பச்சையை நான்கு பக்கத்து அண்டை வீடுகளில் கேட்டு எழுதிக்கொள்கிறது. பெரும்பாலும் ஊகம் சரியாகவே அமைகிறது, ஏனென்றால் கன்னமோ வானமோ ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் திடீரென்று மாறுவதில்லை. நெருக்கமான கட்டம் போட்ட சட்டை வந்தால் மட்டும் ஊகம் தடுமாறும். துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் ஓடும். கொஞ்சம் தள்ளி நின்றோ நெருங்கி வந்தோ எடுத்தால் அவை மறைந்துவிடும்.

இத்தனை எண்களையும் அப்படியே வைத்தால் படத்துக்கு 36 எம்பி ஆகும். அதைச் சில எம்பிக்குள் அடக்குவது ஜேபெக். 1992இல் தரமாக வந்த இந்த முறையின் இதயம், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கணக்கு. தம் மாணவர் டி. நடராஜனோடும் நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974இல் அதை வெளியிட்டார். இன்று நம் போன்களில் குவிந்திருக்கும் படங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கின் வழியாக வந்தவைதான். அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைக் கொண்டு ஜேபெக் செய்வது இது: படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாக வெட்டு. சதுரத்திலுள்ள 64 புள்ளிகளையும் தனித்தனியே எழுதாதே. 64 அடிப்படைக் கோலங்களின் கலவையாக எழுது. முதல் கோலம் ஒரே சீரான நிறம். அடுத்தவை மெல்ல மாறும் அகலப் பட்டைகள், கடைசியில் வருபவை மிக நெருங்கிய கோடுகள். சமையல் குறிப்பைப்போல இந்தக் கோலம் ஒரு படி, அந்தக் கோலம் ஒரு பிடி, மற்றவை ஒவ்வொரு சிட்டிகை. சிட்டிகைகளை விட்டுவிட்டால் குறிப்பு சுருங்கிவிடும், ருசி மாறியது பலருக்குத் தெரியாது. அளவோடு செய்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அளவு மீறினால் சதுரங்களின் ஓரம் தெரியும். பெரியப்பாவின் கண்ணோரச் சுருக்கங்கள் அந்தச் சிட்டிகைகளில்தான் இருந்தன.

வாட்ஸப் அந்தப் படத்துக்குச் செய்தது இரண்டு வேலை. 4000க்கு 3000 புள்ளி இருந்ததை 1600க்கு 1200 ஆக்கியது; பிறகு ஜேபெக்கையும் இறுக்கியது. ஒரிஜினலில் ஏறத்தாழ 500 புள்ளி அகலமாக இருந்திருக்க வேண்டிய முகம் 200 புள்ளியானது. அதை 8 அங்குல அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 25 புள்ளி. ஒவ்வொரு எட்டுக்கு எட்டுச் சதுரமும் காகிதத்தில் ஒரு கொண்டைக்கடலை அகலத்துக்கு வந்து நின்றது. லேப் அண்ணன் சொன்ன "உடையுது" என்ற சொல்லின் கணக்கு இதுதான். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் அப்படியே போகும். அதிகமாக எடுக்கும் முயற்சி அவ்வளவுதான்.

எவ்வளவு புள்ளி இருந்தால் போதும்? நல்ல பார்வை உள்ளவர் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 0.09 மில்லிமீட்டர் அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று லேப்களில் சொல்வது அதனால்தான். 4க்கு 6 படத்துக்கு 1200க்கு 1800 புள்ளி, அதாவது 2 மெகாபிக்சலைக் கொஞ்சம் தாண்டினால் போதும். சுவரில் மாட்டி ஐந்தடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு 60 இருந்தாலே கண் குறை சொல்லாது. அந்த ஒரிஜினல் இருந்திருந்தால் பெரியப்பா முகத்துக்கு 62 புள்ளி கிடைத்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல கலர் லேப்களில் பிரிண்ட் என்பது மை தெளிப்பது அல்ல. சிவப்பு, பச்சை, நீல லேசர் கதிர்கள், வெள்ளி உப்பு பூசிய காகிதத்தின் மேல் வரிவரியாக ஓடுகின்றன. அதன் பிறகு காகிதம் ரசாயனத் தொட்டிகளில் இறங்கி ஏறி வருகிறது. எண்ணாக மாறிய ஒளி கடைசியில் மீண்டும் ஒளியாகி எழுதுகிறது. திரை தானே ஒளிரும், காகிதம் தன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். ஆகவே போனில் பளிச்சென்று இருந்த படம் கையில் வரும்போது இருண்டு தெரியும். போனின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, அப்போதும் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். இன்னொன்று: போன் படம் பெரும்பாலும் 4க்கு 3 வடிவம், 4க்கு 6 காகிதம் அதைவிட நீளவாக்கு. காகிதத்தை நிரப்பினால் 6 அங்குல அகலப் படத்தின் உயரத்தில் அரை அங்குலம் வெட்டுப்படும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது நல்லது.

லேப் அண்ணன் அன்று ஓர் ஆப்பில் போட்டுத் துலக்கியும் காட்டினார். பளபளவென்று ஒரு முகம் வந்தது. பல் வரிசை அழகாக இருந்தது, ஆனால் பெரியப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. கேமராவும் ஊகிக்கிறது என்று மேலே சொன்னேன். ஆனால் அது அந்த முகத்திலேயே அளந்ததை வைத்து ஊகிக்கிறது. இந்த ஆப், யார் யாருடைய முகங்களிலிருந்தோ கற்றதை வைத்து ஊகித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முடிவில் முகத்தை வெட்டவில்லை. படத்தை முழுதாக 6க்கு 8 அங்குலத்தில் போட்டோம். அங்குலத்துக்கு 200 புள்ளி. வளைகாப்புக் கூட்டத்துக்கு நடுவே, ஓர் அங்குல அகலத்தில், பல் போன இடம் தெரியச் சிரிக்கிறார். சுவரில் மாட்டினால் தெரியாது என்பதால் பெரியம்மா அதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். பார்க்க வேண்டுமென்றால் கையில் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்க்கிறார்.