புதைத்த நகையைத் தேட மெஷின் வாங்கியவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இப்போது பெட்டிக்குள் மெட்டல் டிடெக்டரும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். போரால் 1990 ஜூனில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியபோதும், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும், காப்பையும் சங்கிலியையும் பால்மா டின்னில் போட்டுப் பின்வளவில் புதைத்துவிட்டுப் போன வீடுகள் எத்தனையோ. புதைத்தவர் காலமாகிவிட்டார். “வேலியோரம் மூன்றாவது பனை” என்று அவர் சொன்னது மட்டும் மிச்சம், பனையும் வேலியும் இல்லை. அதற்காக மெஷின் வாங்குவதில் எந்தப் பிழையும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அம்மம்மாவின் காணியில் இப்படித் தேடப்போய்ப் பதினான்கு நாள் விளக்கமறியலில் இருந்தார். காணி உறுதி அவர்கள் பெயரில்தான். குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. “அம்மம்மாவின் பழைய நகை தேடினேன்” என்றுதான் சொன்னாராம். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தார். சட்டத்தரணி மொழிபெயர்த்தபோதுதான் தெரிந்தது, “பழைய நகை” என்றது அதில் “தொல்பொருள்” ஆகியிருந்தது.

அந்த ஒரு சொல் ஏன் இவ்வளவு பாரம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருட்கள். அவற்றைத் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், சொந்தக் காணியாக இருந்தாலும். மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. இந்தச் சட்டத்தில் பிணையும் இலேசில் கிடைக்காது. 1995இல் புதைத்த காப்பு இதற்குள் வரவே வராது. ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு மெஷினும் அலவாங்கும்தான் தெரியும், காப்பின் வயது தெரியாது.

“தொல்பொருள் திணைக்களத்தில் தோண்ட அனுமதி எடுங்கள்” என்று யாராவது புத்தி சொல்வார்கள். கேட்காதீர்கள். அது ஆய்வு அகழ்வுக்கான அனுமதி, வீட்டு நகை தேடுபவருக்கு உரியதல்ல. அதற்கு விண்ணப்பித்தால், தொல்பொருள் தேடுகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது முன்கூட்டியே அறிவிப்பது. இங்கேதான் அலைக்கழிப்பு தொடங்கும். விதானையார் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்வார். அங்கே, இது பொலிஸ் விஷயம் என்பார்கள். பொலிஸில் விதானையாரின் கடிதம் கேட்பார்கள். திரும்பி வந்தால், அன்று விதானையார் கூட்டத்துக்குப் போயிருப்பார். நான் ஒரு அம்மாவோடு இந்தச் சுற்றை மூன்று தரம் சுற்றியிருக்கிறேன். எழுபது வயதானவர், தன் சொந்தச் சங்கிலிக்காக.

நடையை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுங்கள். காணி உறுதியின் பிரதி, இடம்பெயர்ந்த ஆண்டு, புதைத்த பொருட்கள், தேடப்போகும் நாள், பகல் நேரம் எல்லாவற்றையும் எழுதி, விதானையார், பிரதேச செயலாளர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி மூவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கடிதத்தின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். இரவில் மட்டும் தோண்டாதீர்கள், அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தில்கூட.

மெஷினை இன்னும் கொண்டுவரவில்லை என்றால், அனுப்பும் முன் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருங்கள். விமான நிலையத்தில் நின்று வாதாடி வெல்ல முடியாது.

சரி, மெஷின் கையில் இருக்கிறது. எடுத்தவுடன் தேடும் இடத்துக்குப் போக வேண்டாம். முற்றத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, ஒரு ஆணி, ஒரு சோடா மூடி, ஒரு சின்ன மோதிரம் ஆகியவற்றை வேறு வேறு ஆழத்தில் நீங்களே புதைத்து, ஒவ்வொன்றின் சத்தத்தையும் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். நம் செம்பாட்டு மண்ணில் இரும்புச் சத்து அதிகம், வெறும் மண்ணுக்கே மெஷின் கத்தும். மெஷினின் அடித்தட்டை நிலத்துக்கு மேலே ஏற்றி இறக்கி மண்ணுக்கு ஏற்றபடி சமன் செய்து, உணர்திறனையும் கொஞ்சம் குறைத்தால் அடங்கும். இரும்பை ஒதுக்கும் வசதியை நம்பி ஏமாறாதீர்கள்: நகை இருப்பது டின்னுக்குள், டின்னை ஒதுக்கினால் நகையும் போகும். அடித்தட்டை நிலத்தை ஒட்டி மெல்ல வீசுங்கள். கண்டபடி வீசுபவர் பாதியைத் தவறவிடுவார்.

இராணுவம் இருந்து விடுவித்த காணிகளைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணிவெடிகளில் சில பிளாஸ்டிக்கால் ஆனவை, உள்ளே ஊசியளவு உலோகம்தான் இருக்கும். உங்கள் மெஷின் சும்மா இருந்தால் அந்த இடம் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. கண்ணிவெடி அகற்றுபவர்களின் கருவி வேறு, பயிற்சி வேறு. காணி துப்புரவு செய்யப்பட்டதா என்று பிரதேச செயலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கும் வரை அலவாங்கைத் தொடாதீர்கள். சந்தேகமான எதையாவது கண்டால் வந்த அடியிலேயே பின்வாங்கி 119க்குச் சொல்லுங்கள்.

கந்தரோடை, ஆனைக்கோட்டை, நல்லூர்ப் பக்கங்களில் உண்மையிலேயே பழைய நாணயம் மேலே வரலாம். “சேது” என்று எழுத்துப் பொறித்த, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துக் காசாகவும் இருக்கலாம். தேய்த்துக் கழுவாதீர்கள், வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். அத்தோடு தோண்டுவதை நிறுத்தி, இடத்தோடு படம் எடுத்து, அன்றே எழுத்தில் அறிவியுங்கள். நாணயக் கடைக்காரரிடம் காட்டி விலை கேட்டால், நகை தேடிய உங்கள் கதையை யாரும் நம்பமாட்டார்கள்.

பொலிஸ் வந்துவிட்டால் ஓடவேண்டாம். கடிதப் பிரதியைக் காட்டுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அரசியலமைப்பு தந்த உரிமை அது. விளங்காத மொழியில் கையெழுத்து வைக்க வேண்டாம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். மிரட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு எடுங்கள்.

மெஷினைக் கொண்டுபோனால் பற்றுச்சீட்டு கேளுங்கள், அதில் தொடர் இலக்கம் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். அந்தத் தம்பியின் சீட்டில் “இயந்திரம் 1” என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவர் இன்னும் மெஷினுக்காக அலைகிறார்.